சுடாத மண்ணில் நிலைத்த சுவர்கள்

தேசப் பிரிவினையினால் வீடிழந்து வந்தோரைக் குடியமர்த்தும் பொருட்டு, 1948-ஆம் ஆண்டில், அப்பொழுது கிழக்குப் பஞ்சாபில் அடங்கியிருந்த கர்னாலில் ஏறக்குறைய 4,000 வீடுகள் கட்டப்பெற்றன. அவற்றின் சுவர்கள் செங்கல்லாலும் ஆனவையல்ல, கருங்கல்லாலும் ஆனவையல்ல. அவ்விடத்து மண்ணில் சிறிதளவு சிமெண்டைக் கலந்து, பலகைகளுக்கிடையே இட்டு, இடித்துக் கெட்டிப்படுத்தி எழுப்பிய சுவர்கள் அவை. மண் சுவர் என்றாலே ஏழ்மையின் அடையாளம் என்று கருதுவோர் இச்செய்தியை நினைவிற்கொள்ளுதல் நன்று.

இடித்துக் கட்டும் முறைக்குப் பலகைச் சட்டங்களும் தேர்ந்த ஆட்களும் வேண்டும். மண்ணைத் தனித்தனிக் கற்களாக அழுத்தி எடுக்கக் கூடுமாயின், எந்தக் கொத்தனாரும் செங்கல்லைப் போலவே அவற்றை அடுக்கிக் கட்டிவிடலாம். 1950-களில் தென் அமெரிக்காவின் கொலம்பியா நாட்டுத் தலைநகரான பொகோட்டாவில், ரவுல் ராமிரேஸ் என்ற பொறியாளர் கையால் இயக்கும் அழுத்து யந்திரமொன்றை உருவாக்கினார். சின்வா-ராம் எனப்படும் அது ஒரு பெட்டியும், ஒரு மூடியும், ஒரு நீண்ட நெம்புகோலும் கொண்ட எளிய கருவி. உலகின் பல பகுதிகளிலும் இன்று வழங்கும் அழுத்து யந்திரங்கள் பலவற்றுக்கு அதுவே முன்னோடி. நமது நாட்டில், பெங்களூருவிலுள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தில் 1974-ல் தொடங்கப்பெற்ற ‘அஸ்த்ரா’ என்னும் கிராமத் தொழில்நுட்பப் பிரிவு இதனை முறையாக ஆராய்ந்தது. தமிழ்நாட்டு எல்லையில் புதுச்சேரியை அடுத்துள்ள ஆரோவில்லில் இவ்வகைக் கற்களால் பெரிய கட்டடங்களே எழும்பியுள்ளன. சுவரேயன்றி வளைவுகளும் கவிகைக் கூரைகளும் அங்கு இக்கற்களால் கட்டப்பட்டிருக்கின்றன.

சாதாரண மண்கல் மழையில் கரைவது ஏன்? மண்ணில் சரளை, மணல், வண்டல், களி என நான்கு வகைத் துகள்கள் உள்ளன. இவற்றுள் களியே மற்றவற்றைப் பிணைப்பது. களித் துகள்கள் மிக நுண்ணிய தகடுகள். ஈரமாயிருக்கையில் அவற்றினிடையே நீர்ப்படலம் புகுந்து அவற்றை விலக்குகிறது. உலர்ந்தால் அவை நெருங்கி இறுகுகின்றன. ஆதலின் பிணைப்பைத் தருவதும் களியே, நீரில் அதனைக் கைவிடுவதும் களியே. சிமெண்டு சேர்க்கும்பொழுது, நீருடன் வினைபுரிந்து உண்டாகும் அதன் பிசின் போன்ற பொருள் மணல் துகள்களை ஒன்றோடொன்று நிலையாகக் கட்டிவிடுகிறது. பின்னர் நீர் புகுந்தாலும் அக்கட்டு அவிழ்வதில்லை. சிமெண்டுக்கு இணக்கமானது மணலேயன்றிக் களியன்று என்பது இதனால் விளங்கும். நூற்றுக்கு 65 முதல் 70 பங்கு மணலும், 10 முதல் 15 பங்கு களியும் உள்ள மண்ணே சிறந்தது. அத்தகைய மண்ணுக்கு எடையில் நூற்றுக்கு 6 முதல் 8 பங்கு சிமெண்டு போதுமானது.

கரிசல் மண்ணின் நிலை வேறு. அதிலுள்ள மாண்ட்மாரிலோனைட் என்னும் களி வகை நீரை ஏற்றுப் பெரிதும் பருத்து, உலர்கையில் வெடிக்கும் இயல்பினது. அதில் சிமெண்டை எவ்வளவு கொட்டினாலும் பயனில்லை. மணலைக் கலந்து களியின் பங்கைக் குறைக்க வேண்டும். அல்லது சுண்ணாம்பைச் சேர்க்க வேண்டும். சுண்ணாம்பு களியோடேயே வினைபுரிவது. ஆனால் மெதுவாகவே புரியும். செம்மண் பகுதிகளில் பெரும்பாலும் கயோலினைட் வகைக் களியே மிகுதியாதலால் அங்கு இத்தொல்லை குறைவு.

மண்ணை அறிய ஆய்வுக்கூடம் செல்ல வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்திலேயே முதற் சோதனையைச் செய்து பார்க்கலாம். அடியும் வாயும் ஒரே அகலமுள்ள கண்ணாடிக் குப்பி ஒன்றில் மூன்றிலொரு பங்கு மண்ணை இட்டு, நீரூற்றி, ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்து நன்கு குலுக்கி, அசையாமல் வைக்க வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் மணல் அடியிற் படியும். வண்டல் அரை மணி நேரமளவில் அதன்மேல் படியும். களி தெளிய ஓரிரவு ஆகலாம். மறுநாள் அடுக்குகளை அளவுகோலால் அளந்து பங்கினைக் கணக்கிடலாம். நீரில் ஊறிய களி பருத்திருப்பதால் அதன் அடுக்கு உண்மையினும் சற்றுக் கூடுதலாகவே தோன்றும் என்பதை மறக்கலாகாது. சுருக்கத்தை அறிய, 60 செ.மீ. நீளமும் 4 செ.மீ. அகலமும் 4 செ.மீ. ஆழமும் உள்ள மரப்பெட்டியில் பிசைந்த மண்ணை நிரப்பி உலரவிட்டு, முனையில் விழுந்த இடைவெளியை அளப்பர். மாணவர்க்கு மண்ணியலைக் கற்பிக்க இவ்விரண்டினும் மலிவான பாடம் கிடைப்பது அரிது.

சோதிக்கும் மண் மேல்மண்ணாக இருத்தல் கூடாது. மட்கு நிறைந்த மேற்படலம் பயிருக்குரியது. சிமெண்டின் இறுக்கத்தையும் அது கெடுக்கும். அதனை ஒதுக்கி வைத்துவிட்டு அடிமண்ணையே எடுக்க வேண்டும். தோண்டிய குழி மழைநீர் தேங்கும் குட்டையாகவும் பயன்படலாம்.

சலித்த மண்ணோடு சிமெண்டை உலர்ந்த நிலையிலேயே நிறம் ஒன்றாகும்வரை புரட்டி, பின்னரே நீர் தெளிப்பர். கலவையைக் கையிற் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், உள்ளங்கையில் ஒட்டலாகாது. இதுவே ஏற்ற ஈரம். நீர் கலந்தபின் தாமதமின்றி அழுத்திவிட வேண்டும். சிறுபொழுது காத்திருந்த கலவையிலும் சிமெண்டின் வலிமை வீணாகிறது.

அடுத்து வருவதே இம்முறையின் உயிர்நிலை. யந்திரப் பெட்டியின் கொள்ளளவு மாறாதது. அதனுள் ஒவ்வொரு தடவையும் ஒரே எடையுள்ள கலவையை இட்டால் ஒவ்வொரு கல்லும் ஒரே அடர்த்தி பெறும். கூடையால் அள்ளிக் கண்மதிப்பாக இடுவோர் பலர். அவ்வாறு செய்யின் ஒரு கல் இறுகியும் மற்றொன்று சோர்ந்தும் அமையும். புறத்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். தராசு ஒன்றை யந்திரத்தின் அருகில் வைக்காத இடத்தில் வேலையைத் தொடங்கவே கூடாது எனலாம்.

எரிபொருட் சிக்கனம் எத்தகையது? 230 x 105 x 70 மி.மீ. அளவுள்ள ஒரு செங்கல்லைச் சுட்டெடுக்க ஏறக்குறைய 4.25 மெகாஜூல் ஆற்றல் செலவாகிறது என்று பெங்களூரு ஆராய்ச்சியாளர் கணக்கிட்டுள்ளனர். 230 x 190 x 100 மி.மீ. அளவுள்ள மண்கல் ஒன்றுக்கு, 6 சதவீதச் சிமெண்டுடன், 2.6 மெகாஜூல் ஆகிறது. இம்மண்கல் பருமனில் இரண்டரைச் செங்கல்லுக்குச் சற்று மேற்பட்டது. ஆகவே ஒரே அளவு சுவருக்கு மண்கல்லின் ஆற்றற் செலவு செங்கல்லினதில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவே. 50 கிலோ சிமெண்டு மூட்டை ஒன்றில் நூற்றுக்கு மேற்பட்ட கற்களை எடுக்கலாம். ஆனால் மண்ணை நெடுந்தொலைவிலிருந்து லாரியில் கொணர்ந்தாலோ, அச்சத்தினால் சிமெண்டை இரட்டித்தாலோ இந்த ஆதாயம் கரைந்துவிடும்.

மண் வீடு குளிர்ச்சி தரும் என்னும் பேச்சை அப்படியே ஏற்பதற்கில்லை. முன்னோர் வீடுகளின் சுவர்கள் முழங்கை நீளத்துக்கும் மேற்பட்ட கனமுடையவை. இன்றைய மண்கற்சுவர் 190 அல்லது 230 மி.மீ. கனமே. மேலும் ஒருமாடி வீட்டில் வெயிலின் பெரும்பகுதி கூரை வழியாகவே இறங்குகிறது. கூரையைக் கவனியாது சுவரைப் புகழ்வதிற் பொருளில்லை.

இம்முறைக்கு அவப்பெயர் தேடித் தருவது பெரும்பாலும் ஒரே தவறு. அழுத்தி எடுத்த கற்களை வெயிலில் பரப்பி உலர விடுகின்றனர். இரண்டே நாளில் அவை கல்லென ஒலிக்கின்றன, சுவரும் எழும்பிவிடுகிறது. அவ்வொலி உலர்ந்த களியின் ஒலியேயன்றிச் சிமெண்டின் ஒலியன்று. நீர் வற்றியதால் சிமெண்டு வினை பாதியில் நின்றுபோயிருக்கும். முதல் பெருமழையில் சுவரின் அடிவரிசை உதிரத் தொடங்கும். தன் சேமிப்பு முழுவதையும் இட்டு வீடு கட்டிய குடும்பத்துக்கு இது சிறு இழப்பன்று. கற்களை நெருக்கமாக அடுக்கி, வைக்கோலாலோ சாக்காலோ மூடி, நிழலில் மூன்று அல்லது நான்கு வாரங்கள் ஈரம் காத்தல் இன்றியமையாதது.

ஆதலின் மண்கல்லின் வலிமையை உலர்ந்த நிலையில் அளப்பதே பிழை. இந்திய நிர்ணய அமைவனம் 1982-ல் வெளியிட்ட 1725-ஆம் எண்ணுள்ள நிர்ணயம், சதுர சென்டிமீட்டருக்கு 20 கிலோ, 30 கிலோ என இரு தரங்களை வகுத்திருந்தது. 2013-ல் அது திருத்தி வெளியிடப்பட்டது. ஊழியர்கள் களத்தில் செய்யக்கூடிய சோதனை எளியது. ஈரம் காத்த கல்லொன்றையும் வெயிலில் உலர்ந்த கல்லொன்றையும் ஒரு தொட்டி நீரில் இரண்டு நாள் மூழ்க வைத்து, வெளியே எடுத்து, விளிம்பை ஆணியால் கீறிப் பார்த்தால் போதும். வீட்டுக்காரரையும் கொத்தனாரையும் உடன் வைத்துக்கொண்டு இதனைச் செய்தல் வேண்டும். ஒரு நாள் சொற்பொழிவு உணர்த்தாததை அந்தத் தொட்டி உணர்த்திவிடும்.

கட்டும்பொழுது அடித்தளமும் தரைமட்டத்துக்குமேல் ஓரடி உயரமும் கருங்கல்லாலோ நன்கு சுட்ட செங்கல்லாலோ அமைதல் நலம். கூரை இறவாணம் சுவரைக் கடந்து நீண்டிருக்க வேண்டும். இணைப்புச் சாந்து கல்லினும் வலிதாக இருத்தல் ஆகாது; இல்லையேல் விரிசல் சாந்தில் விழாது கல்லிலேயே விழும். சிமெண்டும் மண்ணும் மணலும் சேர்ந்த சாந்தே இதற்குப் பொருந்தும். நில அதிர்ச்சிக்குரிய பகுதிகளில் கதவு, ஜன்னல் தலைமட்டத்தில் சுவர் முழுவதையும் சுற்றிவரும் கான்கிரீட் கட்டு ஒன்றைத் தவிர்க்கலாகாது. கல் எடுக்கும் வேலையைப் பருவமழை ஓய்ந்தபின் தொடங்கின் மண் சலிப்பதற்கு ஏற்ற அளவில் உலர்ந்திருக்கும். கோடை உச்சத்துக்குமுன் முடித்துவிட்டால் ஈரம் காக்கத் தேவையான நீருக்கும் தட்டுப்பாடு நேராது.