கவட்டியில் ஒரு முடிச்சு

குழந்தை வீறிட்டு அழும்போது கவட்டியில் ஒரு புடைப்பு எழும்; அழுகை ஓய்ந்ததும் உள்ளே போய்விடும். குளிப்பாட்டும்போது அம்மாவோ பாட்டியோதான் முதலில் கவனிப்பார்கள். குடலிறக்கம். பெரியவர்களுக்குத் தசை தளர்வதால் வருவது, குழந்தைக்கோ பிறவியிலேயே மூடாமல் விட்ட ஒரு வழியால் வருகிறது.

அந்த வழியின் கதை வியப்பானது. கருவில் ஆண் குழந்தையின் விரைகள் முதலில் சிறுநீரகத்துக்கு அருகே இருக்கின்றன. ஏழாம் மாதவாக்கில் கவட்டி வழியாக விதைப்பைக்கு இறங்குகின்றன. அவற்றுக்கு வழிவிட, வயிற்றின் உட்சவ்வு கையுறை விரல்போல நீள்கிறது. விரை இறங்கியபின் அந்த விரல் தானாக ஒட்டி மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிட்டால் குடல் அதற்குள் நழுவும். வலது விரை சற்றுப் பிந்தி இறங்குவதால் வலப்பக்கத்தில்தான் இது அதிகம். குறைமாதக் குழந்தைகளுக்கு இன்னும் அதிகம். பெண் குழந்தைகளுக்கும் வரும், சில வேளை சூலகமே அதற்குள் இறங்கிவிடும்.

இந்த வழியை அறுவையால் மூட இரண்டு முறைகள் உண்டு. திறந்த அறுவையில் கவட்டி மடிப்பில் சிறு கீறல். சவ்வுப்பையோடு ஒட்டிக் கிடக்கும், நூல்போன்ற விந்துக்குழாயையும் ரத்தக்குழாய்களையும் நோகாமல் பிரித்துவிட்டுப் பையின் கழுத்தைக் கட்டுவார்கள். பெரியவர்களுக்கு வைக்கும் வலை வேண்டாம். அந்தப் பிரித்தெடுப்பில்தான் கைத்திறன் முழுதும் இருக்கிறது.

இன்னொரு முறையான லேப்ராஸ்கோப்பியில் தொப்புள் வழியே கேமரா போகிறது. குடல் நழுவும் வழியின் வாசல் உள்ளிருந்து நேராகத் தெரிகிறது. போலந்து மருத்துவர் டாரியுஷ் பட்கோவ்ஸ்கி 2006இல் வெளியிட்ட முறையில், தோலுக்கு வெளியிலிருந்து ஓர் ஊசியைச் செலுத்தி, வாசலைச் சுற்றி நூலை வளைத்து இறுக்குகிறார்கள். கவட்டியில் ஊசி குத்திய தடம் மட்டுமே.

கேமராவுக்கு மறுபக்க வாசலும் தெரியும். அதுவும் திறந்திருந்தால் கட்டுவதா? திறந்திருக்கும் வாசல்களில் பல, குடலிறக்கமாக மாறுவதே இல்லை. கண்ணில் பட்டதாலேயே கட்டிவிடக் கூடாது என்றே எனக்குப் படுகிறது. ஆனால் இன்னொரு மயக்கமருந்தைத் தவிர்க்க நினைக்கும் தாயின் நியாயமும் புரிகிறது.

லேப்ராஸ்கோப்பிக்கு வயிற்றில் வாயு நிரப்ப வேண்டும், எனவே முழு மயக்கம் தேவை. திறந்த அறுவையைப் பச்சிளங்குழந்தைக்கு முதுகில் மரப்பூசி போட்டும் செய்யலாம். முழு மயக்கம் மூளையைப் பாதிக்குமோ என்ற அச்சத்தை 7 நாடுகளில் 722 குழந்தைகளிடம் ஆராய்ந்தார்கள். ஒரு மணி நேரத்துக்கும் குறைவான மயக்கம் பெற்றவர்களின் அறிவுத்திறன் 5 வயதில் மரப்பூசி பெற்றவர்களுக்குச் சமமாகவே இருந்ததென 2019இல் முடிவு வந்தது.

எந்த முறை என்பதை நிதானமாகப் பேசி முடிவெடுக்கலாம். ஆனால் புடைப்பு உள்ளே போகாமல் கெட்டியாகி, குழந்தை வாந்தியெடுத்தால் குடல் அங்கே சிக்கிக்கொண்டிருக்கலாம். நள்ளிரவானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.