சான்று இல்லாமல் கடைக்கு வராத கஞ்சா

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2018 முதல், 21 வயது நிரம்பியவர்கள் உரிமம் பெற்ற கடைகளில் கஞ்சா வாங்கலாம். ஆய்வகச் சோதனையில் தேறாத சரக்கு அங்கே விற்பனைக்கு வரக்கூடாது.

முதலில் வீரியம். பச்சைச் செடியில் போதை தரும் டிஎச்சி மிகக் குறைவு. அதன் அமில வடிவமான டிஎச்சிஏதான் நிறைந்திருக்கும். சூடுபட்டால்தான் அது டிஎச்சியாக மாறும். வாயு குரோமடோகிராபி மாதிரியையே சூடாக்கிவிடுவதால் இரண்டையும் பிரித்துக் காட்டாது. எனவே சூடு தேவைப்படாத எச்பிஎல்சி என்ற திரவ முறையை நாடுகிறார்கள். அமிலத்தின் அளவை 0.877ஆல் பெருக்கி, இருக்கும் டிஎச்சியோடு கூட்டினால் மொத்த வீரியம் கிடைக்கும். சூட்டில் கரியமில வாயு பிரிந்து எடை குறைவதற்கான கணக்கு அது.

வீரியத்தைவிட முக்கியமானது நஞ்சுச் சோதனை. ஈயம், காட்மியம், ஆர்சனிக், பாதரசம், ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை, 66 பூச்சிக்கொல்லிகள் எல்லாம் தேடப்படுகின்றன. திராட்சைத் தோட்டங்களில் தெளிக்கும் மைக்ளோபியூட்டனில் என்ற பூஞ்சைக்கொல்லியை எரித்தால் ஹைட்ரஜன் சயனைடு வெளிவரும். புகைப்பவரின் நுரையீரலுக்கு அது நேராகப் போகும்.

2019இல் அமெரிக்காவில் மின்புகைக் கருவிகளால் பரவிய நுரையீரல் பாதிப்பு, 2020 பிப்ரவரிக்குள் 68 உயிர்களைப் பறித்தது. முக்கியக் காரணமாகக் கண்டறியப்பட்டது, டிஎச்சி எண்ணெயில் கலந்த வைட்டமின் ஈ அசிடேட். அத்தகைய எண்ணெய்களில் பல, சோதனையே இல்லாத கள்ளச் சந்தைச் சரக்கு.

சோதனை உள்ள இடத்திலும் ஒரு சிக்கல்: அதற்குப் பணம் தருவது உற்பத்தியாளர். வீரியம் கூடினால் விலையும் கூடும். வீரியத்தை ஏற்றிச் சொல்லும் ஆய்வகத்தைத் தேடிப் போகிறவர்கள் உண்டு. இதைத் தடுக்கவே 2024 முதல் கஞ்சா மலருக்கு ஒரே சோதனை முறையைக் கலிபோர்னியா கட்டாயமாக்கியது. அது போதாது, கடைச் சரக்கை அரசே வாங்கி மறுசோதனை செய்வதும் வழக்கமாக வேண்டும்.