பரிவு வசையான கதை

ஆறுதல் சொல்லப் பிறந்த ஆங்கிலச் சொற்றொடர் ஒன்று, உயிர் காக்கும் சட்டத்துக்கு எதிரான ஆயுதமாகவும் பயன்பட்டது.

'மை ஹார்ட் ப்ளீட்ஸ் ஃபார் யூ.' உனக்காக என் இதயம் ரத்தம் சிந்துகிறது. ஆங்கிலத்தில் யாராவது இப்படிச் சொன்னால் உடனே நெகிழ்ந்துவிட வேண்டாம். முதலில் குரலைக் கவனியுங்கள். துக்க வீட்டில் சொன்னால் அது ஆறுதல். மூன்றாவது கார் வாங்க முடியவில்லையே என்று அங்கலாய்ப்பவரிடம் சொன்னால் அப்பட்டமான நக்கல். நம் 'ஐயோ பாவம்' மாதிரிதான். சொல் ஒன்று, பொருளைத் தீர்மானிப்பது தொனி.

தொடக்கத்தில் இதில் கேலி இல்லை. ஷேக்ஸ்பியரின் 'தி டெம்பெஸ்ட்' நாடகத்தில், தன்னால் தந்தை பட்ட கஷ்டங்களை எண்ணி மிராண்டா இதே வார்த்தைகளைச் சொல்கிறாள். அது ஒரு மகளின் நிஜமான வேதனை.

இந்த ரத்தம் சிந்தும் இதயம் அரசியல் வசையாக மாறியது அமெரிக்காவில். தென் மாநிலங்களில் கறுப்பினத்தவரை வெள்ளையர் கும்பல்கள் மரத்தில் தூக்கிலிட்டும் எரித்தும் கொன்ற காலம் அது. 1882-லிருந்து 1968 வரை கும்பல்களால் கொல்லப்பட்டவர்கள் 4,743 பேர் என்கிறது அலபாமாவின் டஸ்கீகி கல்வி நிலையத்தின் கணக்கு. அவர்களில் 3,446 பேர் கறுப்பினத்தவர்.

இதைத் தடுக்கும் மசோதா 1937-ல் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறி, செனட்டுக்கு வந்தது. ஜனவரி 1938-ல் பிரபல பத்தி எழுத்தாளர் வெஸ்ட்புரூக் பெக்லர் அதன் ஆதரவாளர்களைச் சாடினார். அவர்கள் பரிவையே தொழிலாகக் கொண்ட 'ப்ளீடிங் ஹார்ட்'கள் என்றார். ஆண்டுக்கு அதிகபட்சம் 14 உயிர்களைக் காப்பாற்றும் ஒரு சட்டத்துக்காக மற்ற மசோதாக்களையெல்லாம் முடக்குவதா என்பது அவர் வாதம். அந்த ஒரு சொல்லில் விவாதமே திசை மாறுகிறது. கொல்லப்படுபவன் மறைந்துபோகிறான், அவனுக்காகப் பேசுபவன் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறான்.

செனட்டில் தென் மாநில உறுப்பினர்கள் வாரக்கணக்கில் பேசிப் பேசியே மசோதாவை ஓட்டெடுப்புக்கு வரவிடாமல் சாகடித்தார்கள். ஆனால் வசைச் சொல் பிழைத்துக்கொண்டது. 1970-ல் கனடாவில் தீவிரவாதிகளின் ஆட்கடத்தலை அடுத்து வீதிகளில் ராணுவம் நிறுத்தப்பட்டது. அதைக் கேள்வி கேட்டவர்களைக் குறிப்பிட பிரதமர் பியர் ட்ரூடோ பயன்படுத்தியதும் இதே சொல்தான். மூன்று நாட்களில் போர்க்கால நடவடிக்கைச் சட்டம் அமலுக்கு வந்தது.

அனுதாபம் எல்லாம் அசல் என்று யாரும் சொல்லவில்லை. ஆடு நனைகிறதே என்று அழுத ஓநாயை நமக்குத் தெரியும். ஆனால் அழுவது ஓநாய்தானா என்று விசாரிக்காமலே சிரிப்பதற்கு இந்தக் கேலி வழி செய்கிறது. ஆடு நனைந்துகொண்டேதான் இருக்கிறது.

கும்பல் கொலையைத் தனிக் குற்றமாக்கும் மத்தியச் சட்டம் அமெரிக்காவில் மார்ச் 29, 2022-ல்தான் கையெழுத்தானது. பெக்லரின் கேலிக்கு 84 ஆண்டுகள் கழித்து. சட்டம் எம்மெட் டில் பெயரைத் தாங்கியிருக்கிறது. 1955-ல் மிசிசிப்பியில் வெள்ளையர்களால் கொல்லப்பட்டபோது அந்தச் சிறுவனுக்கு வயது 14.