நீங்காத பாட்டு

நுழையும்முன்

பாடுபவர் பாடி முடித்த பின்னும் சில பாடல்கள் கேட்டவர் மனத்தில் முடிவதில்லை. அவை ஏன் மீண்டும் மீண்டும் ஒலிக்கின்றன? ஒரே பாட்டு ஒவ்வொருவர்க்கும் வேறுவேறு பொருள் தருவது எவ்வாறு? இவ்வினாக்களுக்கு இப்பாடம் விடை காண்கிறது.

மனத்துள் சுழலும் அடி

குளத்தூரை அடுத்த உச்சக்கடையில் ஒரு தேநீர்க் கடையைக் கடந்து பள்ளிக்குச் செல்கிறான் ஒரு மாணவன் எனக் கொள்க. கடை வானொலியில் ஒலித்த பாட்டின் ஓரடி அவன் காதில் விழுகிறது. அவன் நின்று கேட்கவில்லை. கேட்க வேண்டுமென்று எண்ணவுமில்லை. ஆயினும் வகுப்பில் கணக்குச் செய்யும்போது அவ்வடி மனத்துள் எழுகிறது. நண்பகல் உணவின்போது மீண்டும் எழுகிறது. விரட்ட முயன்றால் இன்னும் உரக்க ஒலிக்கிறது.

இந்நிலையைச் செருமானியர் 'காதுப்புழு' என்னும் பொருளுடைய சொல்லால் குறிப்பர். ஆங்கிலேயர் அதனைத் தம் மொழியில் பெயர்த்துக்கொண்டனர். இது நோயன்று, பெரும்பாலான மக்களுக்கு இயல்பாக நிகழ்வதேயாகும். அமெரிக்க எழுத்தாளர் மார்க் டுவைன் 1876-இல் இதனைப் பற்றி நகைச்சுவைக் கதையொன்று எழுதினார். செய்தித்தாளில் படித்த ஒரு துணுக்குப் பாட்டு கதைசொல்பவரை இரவும் பகலும் வாட்டுகிறது. அதனைத் தம் நண்பருக்குச் சொன்னவுடன் அவர் விடுபடுகிறார், நண்பர் அகப்பட்டுக்கொள்கிறார்!

மூளையில் நிகழ்வது என்ன?

2005-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர், மக்களுக்குப் பாடல்களை ஒலிக்கச் செய்து, இடையிடையே ஒலியை நிறுத்தினர். நன்கு பழகிய பாடலில் ஒலி நின்றபோதும், ஒலியை உணரும் மூளைப்பகுதி தொடர்ந்து இயங்கியது. வெளியே அமைதி நிலவியபோதும் கேட்டவர் மனம் விட்டுப்போன பகுதியைத் தானே பாடி நிரப்பிக்கொண்டது. அதாவது, பழகிய பாட்டைக் கேட்பதற்கு மனிதனுக்கு எப்போதும் காது தேவைப்படுவதில்லை.

பாட்டு முழுவதும் சுழலாமல் ஓரிரண்டு அடிகளே சுழல்வது ஏன்? உளவியலாளர் புளூமா செய்கார்னிக் 1927-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். முடித்த வேலையைவிட இடையில் நிறுத்தப்பட்ட வேலையே மனத்தில் நன்கு தங்குகிறது என்பதே அது. அடுத்த அடி தெரியாமல் நிற்கும் பாட்டும் முடியாத வேலை போன்றதே. ஆகவே மனம் தெரிந்த அடிக்கே திரும்பித் திரும்பி வருகிறது என்று ஆய்வாளர் சிலர் விளக்குவர்.

எப்பாட்டு எளிதில் ஒட்டும்? பிரிட்டனில் ஏறத்தாழ 3000 பேரிடம் கேட்டறிந்து 2016-இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று இதற்கு விடை கூறுகிறது. விரைந்த நடையும், எளிதில் பாடத்தக்க இசைப்போக்கும், இடையே எதிர்பாராத ஒரு திருப்பமும் கொண்ட பாடல்களே மிகுதியாக ஒட்டிக்கொள்கின்றன.

நினைவுக்கென அமைந்த பாட்டு

ஆய்வாளர் கண்டதனை நாட்டுப்புறப் பாடகர் தம் பட்டறிவால் முன்பே அறிந்திருந்தனர். குமரி மாவட்டத்திலும் அதனை ஒட்டிய தென்கேரள ஊர்களிலும் வில்லுப்பாட்டு வழங்கி வருகிறது. கோயில் கொடை விழாக்களில் இரவெல்லாம் நீளும் கதையை, வில்லும் குடமும் உடுக்கையும் துணையாகப் புலவர் பாடுவார். அவர் பாடிய அடியைக் குழுவினர் ஏற்றுத் திரும்பப் பாடுவர். எதுகையும் மோனையும் அடுத்த சொல்லை நினைவுக்கு இழுத்து வரும். எழுத்தறியாதாரும் நெடுங்கதைகளை மனத்தில் ஏற்றுக்கொண்டது இவ்வாறேயாம். திரும்பத் திரும்ப ஒலித்தல் இங்குத் தொல்லையாக இல்லை. அதுவே ஏடாகவும் எழுத்தாணியாகவும் பயன்பட்டது.

ஒரு பாட்டு, பல பொருள்

பாட்டு மனத்தில் தங்கும்போது தனியே தங்குவதில்லை. கேட்ட இடம், உடனிருந்தவர், அப்போதைய மணம், மழை ஆகியவற்றையும் சேர்த்தே பற்றிக்கொள்கிறது. ஆதலால் ஒரே பாட்டு ஒருவர்க்குத் திருவிழாவாகவும் மற்றொருவர்க்குப் பிரிவாகவும் தோன்றும்.

தாலாட்டு இதற்குச் சிறந்த சான்று. 'தால்' என்றால் நா. நாவை ஆட்டிப் பாடுவது தாலாட்டு. தமிழ்த் தாலாட்டுகளில் தாய்மாமன் வருவார். சீர் கொண்டு வருவார். அத்தையும் பாட்டியும் வருவர். ஊரைவிட்டு வேற்றிடத்தில் வளரும் குழந்தை, காணாத உறவினரை முதன்முதலில் சந்திப்பது பெரும்பாலும் இப்பாட்டிலேயாகும். கேரளத்தில் இரயிம்மன் தம்பி, 1813-இல் பிறந்த சுவாதித் திருநாளுக்காக மலையாளத்தில் இயற்றிய 'ஓமனத்திங்கள் கிடாவோ' என்னும் தாலாட்டு புகழ்பெற்றது. அரண்மனைக் குழந்தைக்காகப் பிறந்த அப்பாட்டு இன்று எளிய இல்லங்களிலும் ஒலிக்கிறது. வீட்டில் தமிழ்த் தாலாட்டும் பக்கத்து வீட்டில் மலையாளத் தாலாட்டும் கேட்டு உறங்கிய குழந்தைக்கு இரண்டும் தன்னுடையவையே.

எல்லையைக் கடக்கும் பாட்டு

1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நிலைத்தது. களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் இடையே கோடு விழுந்தது. ஆயினும் பாட்டுக்குச் சோதனைச் சாவடி இல்லை.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் நாள்தோறும் பாடப்படும் தமிழ்த்தாய் வாழ்த்தை எண்ணிப் பார்க்க. அது 'அக்கரைப் பாட்டு' என்று இக்கரைப் பிள்ளைகள் கருதக்கூடும். உண்மை வேறு. அதனை இயற்றிய பெ. சுந்தரம் பிள்ளை 1855-இல் ஆலப்புழையில் பிறந்தவர். திருவனந்தபுரம் மகாராசாக் கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக விளங்கியவர். 1891-இல் வெளிவந்த அவருடைய 'மனோன்மணீயம்' நாடகத்தின் வாழ்த்துப் பகுதியிலிருந்தே அவ்வரிகள் எடுக்கப்பட்டன. மெல்லிசை மன்னர் எம்.எஸ். விசுவநாதன் மோகன இராகத்தில் அதற்கு இசையமைத்தார். 1970-இல் அரசு விழாக்களுக்குரிய பாடலாக அதனை ஏற்ற தமிழ்நாட்டரசு, 2021-இல் மாநிலப் பாடலாக அறிவித்தது. கேரள மண்ணில் பிறந்து வளர்ந்த ஒருவரின் சொற்களே அங்குக் காலைதோறும் ஒலிக்கின்றன.

முழுதும் பாடுதல்

நீங்காத பாட்டிலிருந்து விடுபட ஆய்வாளர் சில வழிகள் கூறுவர். புதிர் விடுவித்தல் போன்ற கருத்தூன்றிய செயலில் ஈடுபடலாம். மெல்லும் பசை மென்றாலும் பாட்டின் தொல்லை குறைவதாக ரெடிங் பல்கலைக்கழக ஆய்வொன்று 2015-இல் தெரிவித்தது. பலர் கையாளும் வழியோ மிக எளியது: அப்பாட்டை முதலிலிருந்து இறுதிவரை முழுமையாகப் பாடிவிடுதல்.

இவ்வழி வேறொரு குறைக்கும் மருந்தாகும். புலம்பெயர்ந்த குடும்பங்களில் பாட்டி முழுப் பாட்டையும் அறிவார். தாய் பாதி அறிவார். பிள்ளை மெட்டை மட்டும் அறியும். மெட்டு எஞ்சிச் சொல் மறையும்போது, அச்சொற்களில் வாழ்ந்த மாமனும் அத்தையும் வயலும் ஆறும் உடன் மறைகின்றனர். மறதி நோய்க்கு ஆளான முதியோர் சிலர், பெயர்களை மறந்த பின்னும் இளமைப் பாடல்களைப் பாடுவதை மருத்துவர்கள் கண்டுள்ளனர். ஒருவர் மனத்தை விட்டு இறுதியாக நீங்குபவற்றுள் பாட்டும் ஒன்று. ஆனால் அவர் வாயிலிருந்து வேறொருவர் செவிக்குச் செல்லாவிடில் அது அவரோடு முடிந்துவிடும்.

ஆதலால் மனத்தில் பாதிப் பாட்டு சுழலும்போது அதனை விரட்டுவதைவிட, மீதியை அறிந்தவரைத் தேடிச் செல்வதே நன்று. அடுத்த அடியைக் கேட்டுப் பெற்றால் மனமும் அமைதியுறும். பாட்டும் ஒரு தலைமுறை கூடுதலாக வாழும்.

கற்பவை கற்றபின்

1. பழகிய பாடலின் ஒலி நின்ற பின்னும் மனம் அதனைத் தொடர்வது ஏன்? விளக்கி எழுதுக.
2. வில்லுப்பாட்டில் அடிகளைத் திரும்பப் பாடுவதன் பயன் யாது?
3. உம் வீட்டுப் பெரியோர் ஒருவர் அறிந்த தாலாட்டையோ தொழிற்பாட்டையோ முழுமையாகக் கேட்டு எழுதுக. அப்பாட்டு அவருக்கு யாரை, எந்த ஊரை நினைவூட்டுகிறது என்பதனையும் ஐந்து தொடர்களில் எழுதுக.