மாதத்தில் ஒரு ஞாயிறு

‘ஓ பேர்’ என்று பிரெஞ்சு மொழியில் ஒரு சொல் உண்டு. சமமாக என்பது அதன் பொருள். வேற்று நாட்டு இளையர் ஒருவர் ஒரு குடும்பத்தோடு தங்கி, பிள்ளைகளைக் கவனித்துக்கொண்டு அந்நாட்டு மொழியையும் கற்பதற்கு ஐரோப்பாவில் இப்பெயர். 1969இல் கையெழுத்தான ஐரோப்பிய உடன்படிக்கை இதற்கு விதி வகுத்தது. வேலை பொதுவாக நாளுக்கு ஐந்து மணி நேரம்தான். வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு. அதில் மாதம் ஒன்றாவது ஞாயிறாக இருக்க வேண்டும்.

சிங்கப்பூரில் இந்த ஏற்பாடு இல்லை. இங்கே பிள்ளைகளைப் பார்ப்பவர்கள் வெளிநாட்டு இல்லப் பணிப்பெண்கள். 1978இல் தொடங்கிய திட்டம் இன்று இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்டு வந்திருக்கிறது. பெரும்பாலோர் இந்தோனேசியா, பிலிப்பீன்ஸ், மியன்மார் நாட்டவர். தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வருவோர் குறைவு. ஆனாலும் நம் குடும்பங்களில் அவர்களுக்குத் தனி வரவேற்பு. ரசம் வைக்கத் தெரியும், பாட்டியோடு பேசவும் தெரியும்!

நான் ஜொகூர்க்காரன். கைச்செலவுக்காக சிராங்கூன் சாலைக்கு அருகே ஓர் அடுக்குமாடி வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்குத் தமிழ் டியூஷன் எடுக்கிறேன். அங்கே தஞ்சாவூர்ப் பக்கத்து அக்கா ஒருவர் வேலை செய்கிறார். காலை ஐந்தரைக்கு எழுந்து பள்ளிக்கு உணவு கட்டுகிறார். பிறகு தேக்கா சந்தை, துணி காயப்போடுவது, பாட்டியைக் குளிப்பாட்டுவது, சமையல். நான் போகும் மாலை ஏழு மணிக்கும் இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பார். படுக்கை பாட்டியின் அறையில். பாட்டி இருமினால் எழ வேண்டும். “ராத்திரி வேலையை யாரும் கணக்குல சேர்க்கிறதில்ல தம்பி” என்றார் ஒருநாள், சிரித்தபடியே.

அவர் சொன்னது சட்டப்படியும் உண்மை. வேலை நியமனச் சட்டம் இல்லப் பணிப்பெண்களுக்குப் பொருந்தாது. எனவே இத்தனை மணி நேரம்தான் வேலை என்ற வரம்பு கிடையாது. வேலை அனுமதிச் சீட்டிலுள்ள முகவரியில்தான் தங்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை, அதில் கர்ப்பப் பரிசோதனையும் உண்டு. முதலாளி 5,000 வெள்ளிக்குப் பிணை தர வேண்டும். பணிப்பெண்ணை வெளியே விட்டால் இந்தப் பணம் போய்விடும் என்று பயப்படுவோர் இன்னும் இருக்கிறார்கள். அவர் கர்ப்பமானாலும்கூட அதற்காக முதலாளியின் பணம் பறிபோகாது என்பதே மனிதவள அமைச்சின் விதி. உங்கள் வீட்டிலும் இந்தப் பயம் இருந்தால் எடுத்துச் சொல்லுங்கள், நண்பர்களே.

வீட்டுக்குள் நடப்பது வெளியே தெரியாது என்பதுதான் இந்த வேலையின் பெரிய ஆபத்து. 2016இல் மியன்மாரைச் சேர்ந்த 24 வயதுப் பெண் ஒருவர் பீஷானில் சித்திரவதைக்குள்ளாகி இறந்தார். அப்போது அவர் எடை 24 கிலோ. அவருக்கு ஓய்வு நாளும் இல்லை, கைத்தொலைபேசியும் இல்லை. முதலாளியான பெண்ணுக்கு 2021இல் 30 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அந்த வீட்டாரின் பெயர்கள் நம் வீட்டுப் பெயர்கள் போன்றவைதாம். அதே ஆண்டு முதல், பரிசோதனையின்போது மருத்துவர்கள் உடல் எடையையும் சந்தேகத்துக்குரிய காயங்களையும் கவனித்துப் பதிய வேண்டும் என்ற விதி வந்தது.

ஓய்வு நாளும் அப்படி மெல்லத்தான் வந்தது. 2013 முதல் புதிய, புதுப்பிக்கப்பட்ட அனுமதிகளுக்கு வாரம் ஒரு நாள் கட்டாயமானது. ஆனால் பணிப்பெண் ஒப்புக்கொண்டால் அன்றைக்கும் வேலை வாங்கி ஒரு நாள் சம்பளம் கொடுக்கலாம். 2023 முதல் மாதத்தில் ஒரு நாளையாவது அப்படிப் பணமாக மாற்ற முடியாது. ஐரோப்பியர் 1969இலேயே வாரம் ஒன்று என்று எழுதிவைத்ததோடு ஒப்பிட்டால் இது சிறியதுதான். ஆனாலும் முன்பு அதுவும் இல்லையே.

ஞாயிறன்று நகரத்தைச் சுற்றினால் இந்த விதியின் பயனைக் கண்ணால் காணலாம். பிலிப்பீன்ஸ் பெண்கள் ஆர்ச்சர்ட் சாலை லக்கி பிளாசாவில், மியன்மார்ப் பெண்கள் பெனின்சுலா பிளாசாவில், இந்தோனேசியப் பெண்கள் பாய லேபார் சிட்டி பிளாசாவில். நம் அக்காவுக்கு வீரமாகாளியம்மன் கோயில், ஊருக்குப் பணம் அனுப்பும் வரிசை, பிறகு முஸ்தஃபா.

அதுவும் மாதம் ஒரு ஞாயிறு மட்டும். மாதச் சம்பளம் 650 வெள்ளி. அதை 26ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 25. மற்ற மூன்று ஞாயிறுகளையும் அவர் விற்றுவிடுகிறார். மகள் திருச்சியில் நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள்.