'கான்சொனான்டெர்': இயைந்து ஒலித்தல்

இலத்தீன் மொழியில் 'கான்சொனான்டெர்' என்றொரு வினையடை உண்டு. 'கான்' என்பது 'உடன்' எனப் பொருள்படும் முன்னொட்டு. 'சொனாரே' என்பது ஒலித்தல். தமிழில் 'ஆக' என்னும் ஈறு செய்யும் பணியை அங்கே 'டெர்' செய்கிறது. எனவே 'உடன் ஒலிப்பதாக' என்பது சொற்பொருள். 'முரணின்றி, இசைவாக' என்பது அதன் விரிவு. இதனை 'ஒரே குரலில்' எனப் பெயர்க்கத் தோன்றும். அது பொருந்தாதென்பதே நம் துணிபு. ஒரே ஒலியைக் குறிக்க இலத்தீனில் 'ஊனிசோனுஸ்' என வேறு சொல் உண்டு.

ஆங்கிலத்தில் மெய்யெழுத்தைக் குறிக்கும் 'கான்சனன்ட்' இதே வேரினது. உயிரோடு சேர்ந்தே ஒலிப்பதென்னும் காரணம் பற்றி உரோமானிய இலக்கணிகள் இட்ட பெயர் அது. மெய் அகரத்தோடு பொருந்தி இயங்குமெனத் தொல்காப்பியரும் கூறினார். 'க' என ஒலிக்கும்போது ககர மெய்யும் அழிவதில்லை, அகரமும் அழிவதில்லை. இவ்விரு மரபுகளையும் ஒருங்கே கற்றவர் வீரமாமுனிவர். விருத்தாசலத்தை அடுத்த கோணான்குப்பத்தில் கோயில் எடுத்த அப்பெரியார், கொடுந்தமிழுக்கும் செந்தமிழுக்கும் இலத்தீனிலேயே இலக்கணம் வரைந்தார். கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சேறியது.

இனி இசைக்கு வருவோம். நல்லூர், விருத்தாசலம் வட்டாரத்தார்க்குப் பீங்கான் புதிதன்று. ஆதலின் பீங்கான் கிண்ணங்களில் நீரூற்றிக் குச்சியால் தட்டி வாசிக்கும் சலதரங்கத்தையே சான்றாகக் கொள்வோம். நீர் கூடின் ஒலி தாழும், குறையின் உயரும். ஒரு கிண்ணம் நொடிக்கு 300 முறையும் மற்றொன்று 450 முறையும் அதிர்வதாகக் கொள்வோம். விகிதம் 2:3. இரண்டையும் சேரத் தட்டினால் செவிக்கு இனிமை. இவையே குரலும் இளியும். நின்ற நரம்புக்கு ஐந்தாம் நரம்பைக் 'கிளை' என்றும், நான்காம் நரம்பை 'நட்பு' என்றும் தமிழிசையாளர் வழங்கினர். உறவுப் பெயர்களை நரம்புக்கு இட்ட அவர்தம் நுட்பம் வியக்கத்தக்கது. பகை நரம்பும் உண்டு. அதனையும் அவர்கள் மறைக்கவில்லை. இரு கிண்ணமும் 300 முறையே அதிர்ந்தால் கிளையுமில்லை, நட்புமில்லை. ஓசை சற்றுப் பெரிதாகும், அவ்வளவே.

'ஒத்து' என்னும் நம் சொல்லின் நிலை இரங்கத்தக்கது. பிறர் சொல்வதையே திருப்பிச் சொல்வாரை 'ஒத்து ஊதுகிறார்' என எள்ளுகிறோம். நாகசுரத்தின் துணைக்கருவியான ஒத்து அவ்வாறு செய்வதே இல்லை. நாகசுரம் சுரந்தோறும் ஏறியிறங்க, ஒத்து ஆதார சுருதியிலேயே நிற்கும். இன்று பல மேளங்களில் அவ்விடத்தைச் சுருதிப் பெட்டி பிடித்துக்கொண்டது.