வரைபடம் மறைந்தால் நடை வீணா?

மதுரை கோரிப்பாளையம். அதிகாலை நேரம். அமெரிக்கன் கல்லூரியைத் தாண்டித் தமுக்கம் வரை நடந்து வருகிறார்கள் பலர். கையில் செல்போன், அதில் உடற்பயிற்சிச் செயலி. எவ்வளவு தூரம் என்று பார்க்கத் திறந்தால், தெருப்படத்தைக் காணோம்! வெறும் சாம்பல் நிறக் கட்டங்கள்!

நடந்தது வீணா? இல்லை.

பாதை வேறு, படம் வேறு

பாதையைக் கணக்கிட உதவுபவை ஜி.பி.எஸ். செயற்கைக் கோள்கள். சுமார் 20,200 கிலோ மீட்டர் உயரத்தில் சுற்றும் அவற்றின் சிக்னலைப் பிடிக்க இன்டர்நெட் வேண்டியதில்லை. படம் அப்படி அல்ல. சின்னச் சின்னச் சதுரத் துண்டுகளாக இன்டர்நெட் வழியே வந்து சேர்ந்தால்தான் தெரு தெரியும்.

காலிக் கட்டத்தின் மேல் பாதைக் கோடு ஓடுகிறதா? கணக்கு பத்திரம். கோடே இல்லையா? அது வேறு கோளாறு. "லொகேஷன்" அனுமதியையும், பேட்டரி சிக்கன ஏற்பாட்டையும் கவனிக்க வேண்டும்.

சில சமயம் குற்றம் செல்போனில் இல்லை. 2018-ல் கூகுள் தன் வரைபடக் கட்டண முறையை மாற்றியபோது, புதிய முறைக்கு மாறாத இணையத் தளங்களில் படம் இருண்டு போயிற்று.

அழிக்காதீர்கள்!

முதலில் நடையைச் சேமியுங்கள். "டேட்டா சேவர்" இருந்தால் அணையுங்கள். இன்டர்நெட் நன்றாகக் கிடைக்கும் இடத்தில் மறுபடி திறந்து பாருங்கள். ஆத்திரத்தில் செயலியையே நீக்கிவிட வேண்டாம். கம்பெனியின் கம்ப்யூட்டருக்கு இன்னும் போய்ச் சேராத நடை அதோடு அழிந்துவிடக்கூடும்.